வெறும் விதை

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இன்னும் நான்கு மைல் இருக்கும்போது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து முதுகைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நடப்பதில் பாதி வேலையை அதுவே செய்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஒரு அலுமினியத் தட்டு. கொல்லங்கோட்டில் ஒன்றரை வருஷம் வேலை செய்த இடத்தை விட்டு அன்று விடியும் முன்பே யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. பொள்ளாச்சியில் மூட்டை தூக்க ஆள் எடுப்பார்கள், இல்லையென்றால் வேறு ஏதாவது இருக்கும். அந்த வயதில் நான் வேலை தேடிப் போனதில்லை. இருக்கிற இடத்தை விட்டுப் போவேன். போகிற வழியில் வேலை இருக்கும்.

பாதையின் இருபுறமும் நிலக்கடலை. விதைத்து ஒரு மாதம் ஆன பயிர். வரிசைகளின் நடுநடுவே பல் போன சீப்பு மாதிரி இடைவெளி. ஒரு கடலைக் காட்டின் ஓரத்தில் நடுவயதுக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, வாடிய செடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்டும் வேரும் சேருகிற கழுத்தில் கறுப்புப் பொடி. அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங் தம்பி, நீங்க அந்தக் கஞ்சி ஆபீசர்கூட இருக்கறவருதானுங்களே?”

“ஆமாண்ணே.”

“பொன்னாத்தா காட்டுல வெதைக்குக் கஞ்சி பூசி வெச்சீங்களே, அது என்னாச்சுங்? பலிச்சுதுங்களா?”

“பலிக்கலண்ணே.”

“அட, போச்சாது போங்க” என்று என்னை அவர்தான் தேற்றினார். “நானும் அடுத்த வருசம் கேக்கலாம்னு இருந்தனுங். இங்க பாருங், நாலுல ஒண்ணு போயிருச்சு.”

உண்மையில் அது பலித்திருந்தது. பலித்தது என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. வேலையெல்லாம் விட்டு வீட்டோடு இருக்கிற எனக்கு, எங்கள் ஊர் விவசாய ஆபீசான கிருஷி பவனுக்குப் புதிதாக வந்த பெண் போன மாதம் ஒரு பொட்டலத்தைக் காட்டினார். விதையில் இந்தப் பாக்டீரியாவைப் பூசி விதைத்தால் பூஞ்சை நோய் குறையும் என்று பொறுமையாக விளக்கினார். நானும் பொறுமையாகக் கேட்டேன். “உங்க காலத்துல இதெல்லாம் ஏது?” என்றார். இருந்தது என்றேன். நம்பாமல் சிரித்து, அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார். அன்று நாங்கள் பாட்டிலில் வளர்த்ததற்கும் அவருடைய பொட்டலத்துக்கும் உறவு உண்டா என்று எனக்குத் தெரியாது. நடுவில் எத்தனையோ பேர் எங்கெங்கோ உழைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு காடு.

நான் பிறந்தது இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அம்மா இறந்த பிறகு அப்பா வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அந்த ஒற்றை அறையில் எனக்கு இடம் போதவில்லை, பதினாறு வயதில் மலையை விட்டு இறங்கினேன். ஏலக்காட்டில் களை எடுத்தேன், போடியில் சுமை தூக்கினேன், பழனியில் ஓர் ஓட்டலில் மாவாட்டினேன், முதலமடையில் மாந்தோப்புக்குக் காவல் இருந்தேன். இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா இடத்திலும் பசித்தது. எல்லா இடத்திலும் தூங்கினேன்.

மாந்தோப்பில் இருந்தபோது ஒருவர் சைக்கிளில் வந்து பக்கத்துக் காட்டு மண்ணைக் கரண்டியால் அள்ளிச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். மண்ணில் திருட என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன். “இதைப் பிடி” என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார். பிடித்தேன். அப்படியே அவரோடு போய்விட்டேன்.

அவர் பெயர் ரசாக். பாலக்காட்டில் இரும்புக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். கடையில் உட்காராமல் விவசாயம் படித்துச் சர்க்கார் வேலைக்கு வந்துவிட்டதில் அவருடைய அத்தாவுக்கு வருத்தம். கேரளம் தனி மாநிலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த சமயம்; யார் யாருக்கு மேலதிகாரி என்பதே தெளிவாகவில்லை. கொல்லங்கோட்டில் விதை டெப்போவுக்குப் பின்னால் இரண்டு அறைகளை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒன்றில் அவருடைய மேசை. இன்னொன்றில் பாட்டில்கள். பாட்டில்களோடு நான் படுத்துக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு எதுவும் இல்லை.

“பாத்தியா? அவன் இந்தக் காட்டு மண்ணுல இருந்தவன்தான். பக்கத்துல பூஞ்சையை விடமாட்டேங்கறான். அவனை வெதைமேல உக்கார வெச்சு அனுப்பினா என்ன?”

அந்தப் புள்ளி எனக்குப் பிடித்துவிட்டது. தனியாக உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் ஒன்றையும் விடாத ஒரு ஜீவன் உபயோகமாகவும் இருக்க முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

வேலை இதுதான். உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, ஆவியில் வைத்து எடுக்க வேண்டும். ஆறிய பிறகு, ஒரு கம்பியின் முனையைத் தீயில் காட்டி, அதுவும் ஆறியபின் அந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டு பாட்டிலுக்குள் விட வேண்டும். மூன்று நாள் அடிக்கடி குலுக்க வேண்டும். மூன்றாம் நாள் நீர் கலங்கும், பழைய சோற்றின் வாடை வரும். விதைக்கிற நாள் காலையில் பச்சரிசிக் கஞ்சி காய்ச்சி ஆறவிட வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சூடே தெரியக் கூடாது; சூடாக இருந்தால் பாட்டிலில் இருப்பவை செத்துப்போகும். அந்தக் கஞ்சியில் பாட்டிலைக் கொட்டி, சலித்த கரித்தூள் கொஞ்சம் சேர்த்து, உரித்த கடலை மேல் ஊற்றி, சாக்கின் நான்கு முனையையும் இரண்டு பேர் பிடித்து மெல்ல உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. தோல் உரிந்தால் பூஞ்சைக்கு அதுவே வாசல். பிறகு நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைக்க வேண்டும்.

இதில் ஒரு பாதி விதைக்குக் கஞ்சி கிடையாது. அதை வெறும் விதை என்போம். வெறும் விதையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், முதலில் விதைக்க வேண்டும். பூசிய விதையைத் தொட்ட கை அதன்மேல் படவே கூடாது.

ரசாக் சார் திட்டுகிற மனிதர் இல்லை. ஒருநாள் பூசிய கையோடு வெறும் விதைக் கூடையைத் தூக்கிவிட்டேன். கூடையை வாங்கி, அத்தனை விதையையும் டெப்போக் காவல்காரருடைய கோழிகளுக்குப் போட்டார். புதிதாக நிறுத்துக் கொடுத்தார். சோப்பை என் கையில் வைத்துவிட்டு, நான் முழங்கை வரை கழுவி முடிக்கும்வரை நின்றார்.

“வெறும் வெதைதான் நம்ம சாட்சி, மாடசாமி. அது செத்தாத்தான் இது பொழைச்சதுக்கு அர்த்தம். சாட்சியைக் கலைச்சா கேஸ் நிக்காது.”

மாலை ஆறு மணி பஸ்ஸில் அவர் பாலக்காடு போய்விடுவார். அதன் பிறகு நானும் பாட்டில்களும். ஊரில் எனக்குப் பேச்சுத் துணை இல்லை. டீக்கடையில் நான் வாயைத் திறந்தால் என் மலைத் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சீக்கிரம் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். சில நாட்கள் சார் காலையில் வந்து “என்ன மாடசாமி” என்று கேட்கும்போது பதில் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். முந்தின மாலைக்குப் பிறகு அதுதான் என் முதல் வார்த்தையாக இருக்கும்.

மேலே இருப்பவர்களுக்கு எங்கள் கஞ்சியில் நம்பிக்கை இல்லை. விதையில் கலக்கப் பாதரசம் சேர்ந்த பொடி ஒன்று வந்திருந்தது. அதையே ஊர் ஊராகக் கொடுத்தால் போதும் என்றார்கள். “அதைக் கலக்கற கையாலதான் விவசாயி சோறு திம்பான்” என்று ரசாக் சார் திரும்பத் திரும்ப எழுதிப் போட்டார். கடைசியில் ஒரு போகம் மட்டும் அனுமதி கொடுத்தார்கள். ஒரு விவசாயியின் காட்டில் பாதி பூசியும் பாதி பூசாமலும் விதைத்துக் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் பாட்டில்களைக் கொட்டிவிட்டுப் பொடி வேலைக்கு வந்துவிட வேண்டும்.

அந்தக் காடுதான் பொன்னாத்தாளுடையது, முதலமடைக்குக் கிழக்கே. முந்தின வருஷம் செடியின் கழுத்து கறுத்துச் சாகிற கழுத்தழுகல் நோயில் பாதிக்கு மேல் போயிருந்தது. அதனால்தான் சார் அதைத் தேர்ந்தெடுத்தார். அவள் புருஷன் பொள்ளாச்சிக்குப் பாரவண்டி ஓட்டுபவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. விதை எங்களுடையது, விளைச்சல் அவளுடையது என்று பேச்சு. காட்டை இருபது பட்டையாகப் பிரித்து முளைக்குச்சி அடித்தோம். ஒன்றுவிட்டு ஒன்று வெறும் பட்டை.

விதைப்பு நாளன்று சாரைப் பாலக்காட்டுக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. காற்று தொடங்கிவிட்டால் ஈரம் ஒரு நாள்கூட நிற்காது. “நீயே போட்டுடு” என்றார். பஸ் ஏறும்வரை வரிசைக்கிரமத்தை மூன்று தடவை சொல்லவைத்துக் கேட்டார்.

காட்டில் ஏர் தயாராக இருந்தது, பொன்னாத்தாளும் ஐந்து பெண்களும் இருந்தார்கள். இரண்டு கூடைகளையும் வரப்பில் வைத்தேன்.

“இது கஞ்சி பூசுனது அக்கா. இது வெறும் விதை. முதல்ல இதைப் போடுங்க.”

“இதுக்கு ஏனுங் கஞ்சி இல்ல?”

“இதுக்குக் கிடையாது. எது சாகுது, எது பொழைக்குதுன்னு பாக்கணும்லா.”

“சாகறதுக்குன்னே வெதைக்கறதுங்களா?”

பின்னால் இருந்த ஒருத்தி, “மலைத்தம்பி ஊர்ல பந்தியில ஒரு எலை உட்டு ஒரு எலைக்குத்தான் சோறு போடுவாங்களாட்ட இருக்குது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் விதைக்கூடையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் முதல் பிடி எடுப்பார்கள். அவள் வெறும் விதைக் கூடையை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

“கும்புட்டு எடுத்து, நீ செத்துப்போன்னு சொல்லிப் போடச் சொல்றீங்க. எம்பட காட்டுல அது ஆகாதுங் தம்பி. ரெண்டுக்கும் பூசுங்க. இல்லாட்டி ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க.”

“ஆபீசர் வந்தா ஏசுவாரு அக்கா.”

“வரட்டுமுங். அவரையே போடச் சொல்லுங்க.”

வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை எடுத்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஏர்க்காரர் மாடுகளை வேலி நிழலுக்கு ஓட்டினார். நான் கெஞ்சினேன், சாட்சிக் கதையைச் சொன்னேன், விளைச்சல் உங்களுக்குத்தானே என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மண் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரிந்தது. அந்தப் பெண் சொன்ன பந்திப் பேச்சும் என்னை விடவில்லை. லயத்தில் ஒரு கல்யாணத்தில் இலைமுன் உட்கார்ந்த என்னைத் தாண்டி அடுத்த இலைக்குப் போன வாளி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய விஷயமில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

பானையில் மிச்சக் கஞ்சி இருந்தது. இரண்டு செம்பு தண்ணீர் விட்டுக் கலக்கி வெறும் விதையின் மேல் ஊற்றினேன். சாக்கின் மறுமுனையைப் பொன்னாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

“ஆபீசர்கிட்ட சொல்லீராதீங்க அக்கா.”

“நா எதுக்குங் சொல்றேன்? வெதைச்சோம், அவ்வளவுதான்.”

மறுநாள் சார் கேட்டார்: “வெறும் வெதை முதல்லயா?”

“முதல்ல சார்.”

“கை?”

“கழுவினேன் சார்.”

நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு மாதம். மூன்று நாளைக்கு ஒருமுறை நாங்கள் அந்தக் காட்டுக்குப் போனோம். சார் வெறும் பட்டையில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கழுத்தாகப் பார்ப்பார். பச்சையாக, சுத்தமாக இருக்கும். அடுத்த செடி. அதுவும் சுத்தம். ஒரு விவசாய ஆபீசர் செடி சாகாதா என்று தவிப்பதைப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தேன். எனக்கு அப்போதுதான் நான் செய்தது முழுவதும் விளங்கியது. கஞ்சி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. எவ்வளவு சரியாகச் செய்ததோ அவ்வளவுக்கு அது தோற்றுக்கொண்டிருந்தது. சொல்ல வாய் வரும். அவர் கைக்குட்டையால் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, “அடுத்த தடவை பாக்கலாம்” என்பார். அடுத்த தடவை சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

ஆடியில் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். வரப்பிலிருந்து இறங்கவில்லை. இருபது பட்டையும் ஒரே மாதிரி நின்றன.

“இந்த வருஷம் இங்கே நோயே வரலியே, ரசாக். அப்புறம் எதை வெச்சு உங்க மருந்து கேட்டுதுன்னு சொல்றது?”

சார் பக்கத்துக் காட்டைக் கையால் காட்டினார். அங்கே வரிசை வரிசையாக இடைவெளி.

“அது வேற வெதை, வேற ஆள், வேற உழவு. உங்க வெறும் பட்டையே நல்லா நிக்குதே.” பொன்னாத்தாளைப் பார்த்துக் கேட்டார்: “பயிர் எப்படிம்மா?”

“தங்கமாட்ட நிக்குதுங்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது சார் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். “சாரமில்ல” என்றார். பாலக்காட்டுக்காரர்கள் பரவாயில்லை என்பதற்குச் சொல்வது. டெப்போவுக்கு வந்ததும், “மாசக் கடைசிக்குள்ள பாட்டிலெல்லாம் காலி பண்ணணும். நாளைலேர்ந்து கழுவ ஆரம்பி” என்றார்.

மறுநாள் விடியும் முன் கிளம்பிவிட்டேன்.

நான் திரும்பியதற்குப் பெரிய யோசனை எதுவும் காரணமில்லை. அந்தக் காட்டுக்காரரிடம் சொன்ன “பலிக்கல” என்ற சொல் வாயிலேயே நின்றது. துப்பினாலும் போகவில்லை. சாவடியின் குறுக்குக் கம்பு தெரிகிற தூரம் வரை போனேன். ஒரு டீ குடித்துவிட்டு இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அறுந்த வாரைச் சணலால் கட்டிக்கொண்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தேன். எதிர்க்காற்று. இரவெல்லாம் நடந்து விடியும்போது டெப்போ வாசலில் இருந்தேன்.

சார் எட்டு மணி பஸ்ஸில் வந்தார்.

“நேத்து எங்கே போனே?”

“கோபாலபுரம் வரைக்கும் சார்.”

“அங்கே என்ன?”

“வெறும் விதைக்கும் பூசிட்டேன் சார். பத்துப் பட்டைக்கும்.”

அவர் பூட்டைத் திறந்தார். குடையை மூலையில் வைத்தார். மேசையில் உட்கார்ந்து நோட்டை எடுத்து அந்தத் தேதியின் பக்கத்தைப் புரட்டினார்.

“கஞ்சி ஆறியிருந்ததா?”

“ஆறியிருந்தது சார்.”

“அதே பானையா?”

“மிச்சம் சார். ரெண்டு செம்பு தண்ணி சேத்தேன்.”

“ரெண்டு செம்பு.” எழுதினார். “தண்ணி சேத்தும் கேட்டிருக்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு பென்சில் நின்றது. “ஒரு மாசம் அந்தச் செடி சாகாதான்னு முட்டி போட்டேன். நீ பக்கத்துல நின்னே.”

“ஆமா சார்.”

“ஏன் பூசினே?”

பொன்னாத்தாள் சொன்னதைச் சொன்னேன். விதைக்க மறுத்து உட்கார்ந்ததைச் சொன்னேன். பந்தியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதைக் கைப்பட எழுதிக் குடு. எழுதினா சர்க்கார்ல உனக்கு இனி வேலை கிடையாது. தெரியுமா?”

“தெரியும் சார்.”

“எழுதினாலும் மேல நம்பமாட்டாங்க. தோத்ததும் கதை கட்டறான்பாங்க. ஆனா நோட்டுல பொய் இருக்கக் கூடாது.”

அரைப் பக்கம் எழுத எனக்கு வெகு நேரம் பிடித்தது. படித்துப் பார்த்தார். பிழை ஒன்றையும் திருத்தவில்லை. மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

“நேத்து நடந்த வழியில எந்தக் காட்டுல சாவு ஜாஸ்தி?”

பல காடுகளைச் சொன்னேன். பக்கத்தில் இருப்பது ஊர் எல்லையைத் தாண்டியதும் இடதுகைப் பக்கம் என்றேன்.

“ரெண்டு சாக்கு எடுத்துக்கோ. கேட்டு, அந்த மண்ணைக் கொண்டா. பின்னால மண்ணெண்ணெய் டின் பன்னெண்டு பாதியா வெட்டிக் கெடக்கு. மாசக் கடைசி வரைக்கும் பாட்டில் என்கிட்டத்தான் இருக்கும். ஆறு டின்னுக்கு நான் பூசிப் போடறேன். வெறும் வெதை ஆறும் உன்னோடது. போடறது, தண்ணி ஊத்தறது, எத்தனை செத்ததுன்னு தெனம் எழுதறது, எல்லாம் நீ. சோறு எங்க வீட்டுலேர்ந்து வரும். வேற எதுவும் என்னால தர முடியாது.”

“நானா சார்? மறுபடியுமா?”

“வேற யாரை நம்பறது? அதைக் கெடுத்தா என்ன ஆகும்னு பாத்தவன் நீ ஒருத்தன்தான்.”

மத்தியானத்துக்குள் மண் வந்து சேர்ந்தது. ஆறு டின்களில் நிரப்பி, டின்னுக்குப் பத்தாக அறுபது விதை போட்டேன். மூடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். காலிச் சாக்கை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் முளைக்கும். அதற்கடுத்த வாரத்தில் ஒவ்வொன்றாகக் கழுத்து கறுத்துச் சாயும். அதுவரை எதையும் தொடாமல், எங்கும் போகாமல் அங்கே இருப்பதுதான் அன்று காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை.